தாமதமான திட்டத்துக்கு விருது கிடைக்குமா?

உங்கள் கேள்வி இதுதான்: முடித்துக் கொடுத்த ஒரு கட்டுமானத் திட்டத்தைத் திட்ட மேலாண்மை விருது ஒன்றுக்கு அனுப்பும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு விருது அறிவிப்பு மெயிலில் வருகிறது. எதற்கு உண்மையான மதிப்பு, நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள், திட்டம் பல மாதம் தாமதமாக முடிந்ததால் தகுதியே போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

தாமதமான திட்டங்கள் விருது வாங்கியிருக்கின்றன. அதுவும் சிறிய விருது இல்லை. அமெரிக்காவில் 1969ல் தொடங்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட், நாம் எல்லோரும் பிஎம்ஐ என்று சொல்வது, ஆண்டுதோறும் ‘ப்ராஜெக்ட் ஆஃப் தி இயர்’ என்று ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. இந்தத் துறையில் அதைவிடப் பெயர் பெற்ற விருது இல்லை. 2010ல் அதை வாங்கியது கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உள்ள நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி. 192 லேசர் கற்றைகளின் ஆற்றலைக் கொண்டு மிளகளவு எரிபொருள் உருண்டையை நசுக்கி அணுக்கரு இணைவை உண்டாக்குவதற்கான நிலையம் அது. 1997ல் கட்டுமானம் தொடங்கியபோது சொன்ன செலவு சுமார் 110 கோடி டாலர். சில ஆண்டுகளில் முடிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. 1999ல் அந்தக் கணக்கு உடைந்தது. லேசர் செல்லும் பாதையைத் தூசு படாமல் பொருத்துவது எவ்வளவு கடினம் என்பதை ஆரம்பத்தில் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள், எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிய தொகை போதவில்லை, ஆய்வகத்தின் நிர்வாகமும் அதை மேற்பார்வை செய்த எரிசக்தித் துறையும் பலவீனமாக இருந்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2000ல் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் வெளிப்படையாக எழுதியது. அணியை மாற்றினார்கள், வேலையை மறுபடி பிரித்து அடுக்கினார்கள், புதிய பேஸ்லைன், அதாவது செலவையும் காலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒப்புதல் பெற்று வைக்கும் அடிப்படைக் கணக்கு, போட்டார்கள். 2009ல் முடிந்தபோது மொத்தச் செலவு சுமார் 350 கோடி டாலர்.

முதல் மதிப்பீட்டைப் போல மூன்று மடங்கு செலவு, பல ஆண்டு தாமதம், மறுவருடம் உலகின் பெரிய விருது. முதன்முறை படிக்கும்போது யாருக்கும் கோபம் வரும். ஆனால் 1999ல் அந்தத் திட்டம் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். கைவிட்டுவிடலாம் என்று பேசும் அளவுக்குப் போன ஒன்றை, புதிதாகப் போட்ட கணக்கின்படி நடத்தி, உலகில் யாரும் அதுவரை கட்டாத ஒரு கருவியைக் கட்டி முடித்திருக்கிறார்கள். சரிவுக்குப் பிறகான அந்தப் பத்தாண்டு நிர்வாகத்தில் அங்கீகரிக்கத்தக்க வேலை இருக்கிறது. சரிவுக்கு முந்தைய ஆண்டுகளை மறைக்கவும் முடியாது, மறைக்கத் தேவையும் இல்லை.

ஆகவே தாமதம் ஒரு தடை அல்ல. ஆனால் விளக்க முடியாத தாமதம் தடைதான். உங்கள் விண்ணப்பத்தில் எந்த பேஸ்லைனை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் இதில் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றிவிட்டது. ரிவைஸ்டு எஸ்டிமேட் (திருத்திய செலவு மதிப்பீடு) வாங்கி, ஈஓடி (கால நீட்டிப்பு) வாங்கி, கடைசியாகத் திருத்திய தேதியை வைத்து ‘குறித்த நேரத்தில், பட்ஜெட்டுக்குள்’ என்று எழுதிவிடுவார்கள். விருது விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரி கண்ணில் பட்டதுமே படிப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். மத்திய அரசின் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களைப் பற்றி வெளியிட்டுவந்த அறிக்கைகளைப் பாருங்கள். முதலில் ஒப்புதல் பெற்ற செலவு ஒரு பத்தி, இப்போது எதிர்பார்க்கும் செலவு இன்னொரு பத்தி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அரசே அப்படிக் காட்டும்போது நீங்கள் ஒளிக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே விருது 2006ல் ராக்கி ஃப்ளாட்ஸ் மூடல் திட்டத்துக்குக் கிடைத்தது. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரத்துக்குப் பக்கத்தில் 1952 முதல் அணுகுண்டுகளுக்கான புளுட்டோனியப் பாகங்களைச் செய்துவந்த தொழிற்சாலை அது. இரண்டு பெரிய தீ விபத்துகள், பல வருட மாசு, கடைசியில் 1989 ஜூனில் எஃப்பிஐ சோதனை, அத்தோடு உற்பத்தி நின்றது. அதைச் சுத்தம் செய்து இடித்து மூட 65 ஆண்டுக்கு மேல் ஆகும், 3,600 கோடி டாலருக்கு மேல் பிடிக்கும் என்று 1990களின் நடுவில் எரிசக்தித் துறை மதிப்பிட்டது. கெய்சர்-ஹில் என்ற நிறுவனம் 2005 அக்டோபரில் களப்பணியை முடித்தது. ஒப்பந்தம் சொன்ன தேதிக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாக, சுமார் 700 கோடி டாலர் செலவில்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதில்தான் திட்ட மேலாண்மையே இருக்கிறது. அந்த முதல் மதிப்பீட்டில் இருந்த வருடங்களில் பெரும்பகுதி, வேலையே செய்யாமல் இடத்தைக் காவல் காத்துப் பராமரிக்கும் வருடங்கள். புளுட்டோனியம் இருக்கும் கட்டடத்தில் யாரும் எதையும் செய்யாவிட்டாலும் பாதுகாப்பு, காற்றோட்டம், கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் பணம் ஓடிக்கொண்டே இருக்கும். வேலையைச் சீக்கிரம் முடித்தால் அந்தச் செலவு மொத்தமாக நின்றுபோகும். இதைப் புரிந்துகொண்டு, மூடல் தேதியை வைத்து லாபம் கூடவும் குறையவும் செய்கிற ஒப்பந்தம் ஒன்றை 2000ல் போட்டார்கள். அந்த ஊக்கத்தொகையில் ஒரு பங்கு தொழிலாளர்களுக்கும் போனது. வேலை முடிந்தால் தங்கள் வேலையே போய்விடும் என்று தெரிந்த மனிதர்கள் அவர்கள். அவர்களிடம் வேகம் கேட்பதற்கு முன்னால் பங்கு கொடுத்தார்கள்.

தொழில்நுட்பத்திலும் ஒரு அழகான முடிவு உண்டு. புளுட்டோனியத்தைக் கையாண்ட கையுறைப் பெட்டிகள், அதாவது பக்கத்தில் பொருத்திய கையுறைக்குள் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெரிய உலோகப் பெட்டிகள், நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதுகாப்பு உடை அணிந்த தொழிலாளர்கள் உள்ளே போய் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டுவதுதான் முதலில் இருந்த முறை. மெதுவான வேலை, ஆபத்தும் அதிகம். பிறகு பெட்டிகளின் உட்பரப்பை ரசாயனத்தால் கழுவிக் கதிரியக்கத்தைக் குறைத்துவிட்டு, குறைந்த அளவுக் கழிவு என்ற வகையில் பெரிய துண்டுகளாகவே வெளியேற்றும் முறைக்கு மாறினார்கள். நேரமும் மிச்சம், வெட்டுக்காயமும் குறைவு. விருது விண்ணப்பத்தில் ‘புதுமை’ என்று ஒரு பகுதி இருக்குமே, அங்கே எழுத வேண்டியது இந்த மாதிரிச் செய்தி. புது மென்பொருள் வாங்கினோம் என்பது புதுமை ஆகாது.

இன்று அந்த நிலத்தின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். நடுவில் இருக்கும் பகுதி இன்னமும் எரிசக்தித் துறையின் வசம்தான் இருக்கிறது. ஆழத்தில் மாசு மிச்சம் இருக்கிறது என்பதால் அங்கே பொதுமக்கள் போக முடியாது. சுற்றுவட்டாரத்தில் வாழ்பவர்கள் பலர் அந்தச் சுத்தம் போதாது என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதை அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் முடிவு செய்தன. அந்த அளவை எட்டுவதை அணி சிறப்பாக நடத்தியது. விருது இரண்டாவது விஷயத்துக்கு. முதல் விஷயத்தில் விருதுக்கு வாயே இல்லை.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது அடிலெய்ட் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். 2013ன் ப்ராஜெக்ட் ஆஃப் தி இயர் அதற்குத்தான். ஆஸ்திரேலியாவின் கொடிய வறட்சிக் காலத்தில், 2007 இறுதியில் அறிவிக்கப்பட்டது. முதலில் ஆண்டுக்கு 50 கிகாலிட்டர் (5,000 கோடி லிட்டர்) என்று திட்டமிட்டுத் தொடங்கியதை நடுவழியில் 100 கிகாலிட்டராக இரட்டிப்பாக்கினார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது அளவை இரண்டு மடங்காக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று சைட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ட்ராயிங் மாறும், ஆர்டர் மாறும், கான்ட்ராக்டர்கள் உரிமை கோரத் தொடங்குவார்கள், எல்லாத் தேதியும் சரியும். அங்கே இறுதித் தேதி சரியவில்லை. 183 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் 2012 டிசம்பரில் நிலையத்தை ஒப்படைத்தார்கள். ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர் தண்ணீர் தரக்கூடியது; சென்னைக்காரர்களுக்குச் சொல்வதானால் மூன்று மீஞ்சூர் கடல்நீர் நிலையங்கள்.

ஆனால் அது முடிவதற்குள் மழை வந்துவிட்டது. 2010லேயே வறட்சி விலகிவிட்டது. பிறகு பல ஆண்டுகள் நிலையம் மிகக் குறைந்த அளவில்தான் ஓடியது. மக்கள் குடிநீர்க் கட்டணத்தில் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீண் செலவு என்று திட்டாதவர் குறைவு. 2024லும் 2025லும் தெற்கு ஆஸ்திரேலியா மறுபடி வறண்டபோது அதே நிலையத்தின் உற்பத்தியைக் கூட்டினார்கள். கட்டியது சரியா தவறா என்ற வாதம் ஒவ்வொரு மழைக்கும் மாறும். கட்டிய விதம் பற்றிய தீர்ப்பு மாறாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2010ல் அந்தக் கட்டுமானத்தின்போது ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஒரு திட்டம் விருது வாங்கியது என்றால் அதில் எல்லாமே நல்லபடியாக நடந்தது என்று பொருள் இல்லை. உங்கள் திட்டத்திலும் அப்படி ஏதாவது நடந்திருந்தால், விபத்தையும் அதன் பிறகு எதை மாற்றினீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். விபத்தில்லா மனித-மணி நேரக் கணக்கை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு ஒரு சாவைப் பின்னிணைப்பில் தள்ளுவதை நான் மன்னிக்க மாட்டேன். மனசாட்சி உள்ள எந்த நடுவரும் மன்னிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இனி எந்த விருது என்ற கேள்வி. பிஎம்ஐ பற்றிச் சொல்லிவிட்டேன். அதன் இந்தியக் கிளையும் ஊர்க்கிளைகளும் தனி விருதுகள் நடத்துகின்றன, சென்னையிலும் ஒரு கிளை உண்டு. முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. திட்டத்தின் அளவுக்கேற்ப வகை பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐம்பது கோடித் திட்டம் ஐயாயிரம் கோடித் திட்டத்தோடு மோத வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் பிறந்தது ஐபிஎம்ஏ, அதாவது இன்டர்நேஷனல் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் அசோசியேஷன். 1965ல் தொடங்கிய பழைய அமைப்பு, பல நாடுகளின் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அவர்களுடைய ப்ராஜெக்ட் எக்ஸலன்ஸ் விருதுதான் கட்டுமானம், தொழிற்சாலை வகைத் திட்டங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது. காரணம் ஒன்றுதான். விண்ணப்பத்தைப் படித்ததோடு அவர்கள் நிற்பதில்லை. வெவ்வேறு நாட்டு மதிப்பீட்டாளர்கள் கொண்ட ஒரு குழு சைட்டுக்கு வருகிறது. ப்ராஜெக்ட் மேனேஜரிடம் மட்டுமின்றி அணியில் இருப்பவர்கள், வாடிக்கையாளர், சப்ளையர் என்று பலரிடமும் பேசுகிறது. மக்களும் நோக்கமும், செயல்முறைகளும் வளங்களும், விளைவுகள் என்று மூன்று பெரிய பகுதிகளாகப் பிரித்து மதிப்பிடுகிறது. கடைசியில், வென்றாலும் தோற்றாலும், உங்கள் பலம் என்ன, எங்கே ஓட்டை என்று எழுத்தில் ஒரு அறிக்கை தருகிறது. கோப்பை அலமாரியில் இருக்கும், அந்த அறிக்கை அடுத்த திட்டத்துக்குப் பயன்படும். இந்தியாவுக்கு இது புதிதும் இல்லை. விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசி கட்டிய சிம்ஹாத்ரி அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம், தலா 500 மெகாவாட்டில் இரண்டு யூனிட், 2002ல் ஓடத் தொடங்கியது. அந்தத் திட்டம் 2005ல் ஐபிஎம்ஏவின் விருதைப் பெற்றது.

இங்கிலாந்தின் அசோசியேஷன் ஃபார் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் நடத்தும் விருதுகளுக்கும் நல்ல மரியாதை உண்டு. அரச சாசனம் பெற்ற தொழில்முறை அமைப்பு அது. உங்கள் வாடிக்கையாளர் பிரிட்டிஷ் நிறுவனமாக இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பொறியியல் விருதுகளையும் மேலாண்மை விருதுகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1960லிருந்து சிறந்த சிவில் பொறியியல் சாதனைக்கான விருது தருகிறது. அங்கே பேசப்படுவது முதன்மையாகக் கட்டுமானத்தின் பொறியியல் சிறப்பு. உங்கள் திட்டத்தின் பெருமை ஒரு புதுவகை அஸ்திவாரத்தில் இருக்கிறதென்றால் அந்த மாதிரி விருதுக்குப் போங்கள். மூன்று துறைகள் ஒன்றோடொன்று பேசாத நிலையில் அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததில் இருக்கிறதென்றால் மேலாண்மை விருதுக்கு வாருங்கள்.

இப்போது அந்த மெயில்கள். ‘உங்கள் நிறுவனம் தேர்வாகியுள்ளது’ என்று தொடங்கி, நீங்கள் விண்ணப்பிக்காமலேயே இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டதாகச் சொல்லும். பிறகு நட்சத்திர ஹோட்டலில் விழா, மேடையில் ஐந்து நிமிடம், மலரில் முழுப்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. இது விருது இல்லை, விளம்பரம். நேர்மையான விருதுகளிலும் விண்ணப்பக் கட்டணம் இருப்பதுண்டு, ஆகவே பணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மதிப்பீட்டு அளவுகோலை முன்கூட்டியே வெளியிடுகிறார்களா? நடுவர்கள் யார் என்று சொல்கிறார்களா? ஆதாரம் கேட்கிறார்களா? தோற்றவர்கள் இருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒரே விலக்கு, போட்டியாக இல்லாமல் தரத்தை எட்டியவர் எல்லோருக்கும் கொடுக்கிற டெமிங் பரிசு போன்றவை. ஆனால் அங்கே தரத்தை எட்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

டெமிங் பரிசைச் சொன்னதால் அதன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘இதற்கு நேரம் செலவிடத் தகுமா’ என்று உங்களுக்கு வரக்கூடிய கவலைக்கு அதில் பாடம் இருக்கிறது. ஜப்பானில் 1951ல் தொடங்கிய தர மேலாண்மைப் பரிசு அது, திட்டங்களுக்கானது அல்ல. ஆனால் நிபுணர்கள் நேரில் வந்து துருவித் துருவிக் கேட்டு மதிப்பிடும் வழக்கத்துக்கு அதுதான் முன்னோடி. ஜப்பானுக்கு வெளியே அதை முதலில் வாங்கிய நிறுவனம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பவர் அண்ட் லைட், 1989ல். அதற்காக ஊழியர்கள் தயாரித்த அறிக்கைகளும் ஒத்திகைகளும் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சமயத்தில் பொறுப்புக்கு வந்த புதிய தலைவர் ஊழியர்களிடம் விசாரித்தபோது, வேலையைவிட வேலையைப் பற்றிய காகிதம்தான் அதிகமாகிவிட்டது என்ற குறை எங்கும் கேட்டது. தரத்துறையைப் பெருமளவு குறைத்துவிட்டார். சென்னையில் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998ல் அதே பரிசை வாங்கியது. இங்கே கதை வேறு மாதிரி போனது. அதே குழுமத்தின் டிவிஎஸ் மோட்டார் 2002ல் வாங்கியது, நாட்டின் வேறு பல வாகன உதிரிபாக நிறுவனங்களும் அந்த வழியில் இறங்கின. பரிசுக்காகப் பழகியதைப் பரிசுக்குப் பிறகும் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது நிலைத்தது. உங்கள் அணியிடமிருந்து இரண்டு மாதத்தைப் பிடுங்கி விருதுக் கோப்பு தயாரிக்கப்போகிறீர்களா, இல்லை ஏற்கெனவே இருக்கும் பதிவுகளிலிருந்து இரண்டு வாரத்தில் எடுக்க முடியுமா? முதல் வகை என்றால் விண்ணப்பிக்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் பதிவு என்றால் என்ன? நம் சைட்டுகளில் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். நிலம் கைக்கு வரவில்லை, ட்ராயிங் வரவில்லை, மழை, மின்கம்பம் அகற்றவில்லை என்று ஒவ்வொரு தடையையும் தேதியோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது. பெரும்பாலும் ஈஓடி வாங்கவும் அபராதத்திலிருந்து தப்பவும் மட்டுமே அதைத் திறப்பார்கள். என் பார்வையில் விருது விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. தடை எழுதிய தேதிக்கும் அது தீர்ந்த தேதிக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள்? அந்த இடைவெளியில் எந்த வேலையை முன்னால் இழுத்துக்கொண்டார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் ஆவணத்தோடு பதில் சொல்ல முடிந்தால் உங்கள் விண்ணப்பம் பாதி எழுதியாகிவிட்டது. வாராந்திரக் கூட்டத்தின் மினிட்ஸ், ரிஸ்க் ரெஜிஸ்டரின் (வரக்கூடிய ஆபத்துகளின் பட்டியல்) பழைய பதிப்புகள், வேரியேஷனுக்கு (வேலை மாற்றத்துக்கு) ஒப்புதல் கேட்ட கடிதங்கள், எல்லாம் இதே ரகம். ரிஸ்க் ரெஜிஸ்டரில் கடைசிப் பதிப்பை மட்டும் இணைக்காதீர்கள். முதல் மாதத்தில் என்ன பயந்தீர்கள், ஆறாம் மாதத்தில் என்ன பயந்தீர்கள் என்று மாறிவந்ததைக் காட்டினால்தான் அது உயிருள்ள ஆவணம் என்று தெரியும். எல்லா மாதமும் ஒரே பத்து ரிஸ்க், ஒரே மதிப்பெண் என்றிருந்தால் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பொருள்.

இந்த இடத்தில் பாம்பனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் (தண்டவாளத்தைத் தாங்கும் உத்திரங்கள்) கடலுக்குள் போய்விட்டன. ஆறு மாதத்தில் சரிசெய்ய ரயில்வே இலக்கு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், பொறுப்பு இ.ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. நாடெங்கிலுமிருந்து புது கர்டர் வரவழைத்தால் காலம் போதாது. கடலில் விழுந்தவை எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் வழியாகத் தெரியவர, அவற்றையே தூக்கி மறுபடி பொருத்தினார்கள். 46 நாளில் பாலம் தயார். அதற்கு ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. பிஎம்ஐ என்ற அமைப்பே அப்போது இல்லை. பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் அவர் பெயரைச் சொன்னாலும், திட்ட மேலாண்மை என்றால் என்ன என்று புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு நான் சொல்லத் தொடங்குவது பாம்பனிலிருந்துதான். இருக்கும் வளம் எது, அது எங்கே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்று கேட்டதில் அங்கே நாட்கள் மிச்சமாயின. அந்த மீனவர்களைப் போன்றவர்கள் உங்கள் திட்டத்திலும் இருப்பார்கள். விண்ணப்பத்தில் அவர்களுக்கு ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

எழுதும் முறை பற்றிக் கொஞ்சம். மக்கள் தொடர்புத் துறையிடம் முதல் வரைவைக் கொடுக்காதீர்கள். ‘உலகத்தரம்’, ‘முன்னெப்போதும் இல்லாத’ என்று நிரப்பிவிடுவார்கள், நடுவர் ஒருவருக்கும் அதனால் மதிப்பெண் போட வராது. சைட்டில் இருந்த ப்ளானிங் இன்ஜினியர் எழுதட்டும், மொழி கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு ஒருவர் சீர்செய்துகொள்ளலாம். திட்டத்தில் மிக மோசமாகப் போன ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து அதை விரிவாக எழுதச் சொல்லுங்கள்: அன்று என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எந்த வழிகள் இருந்தன, எதை ஏன் எடுத்தோம், அதன் விலை என்ன. உங்கள் தாமதத்துக்குக் காரணமான மாதமாகவே அது இருக்கலாம். லிவர்மோர்க்காரர்களுக்கு 1999ஐத் தாண்டாமல் தங்கள் கதையைச் சொல்லியிருக்க முடியாது.

பணம் பற்றி ஒரு குறிப்பு: செலவைக் காட்டும்போது முதல் ஒப்புதல் தொகை, ஸ்கோப் (வேலையின் அளவு) மாற்றத்தால் கூடியது, விலைவாசியால் கூடியது, நம் தவறால் கூடியது என்று நான்காகப் பிரியுங்கள். நான்காவது வரியில் ஒரு எண் இருக்கட்டும். அது பூஜ்யம் என்று எழுதினால் முந்தைய மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாடிக்கையாளரின் ஒப்புதல் கடிதத்தை இப்போதே கேட்டு வையுங்கள், கடைசி வாரத்தில் அது கிடைக்காமல்தான் நல்ல விண்ணப்பங்கள் பல நின்றுபோகின்றன. சப்-கான்ட்ராக்டர்களிடமும் பேசுங்கள். நேரில் வரும் மதிப்பீட்டாளர் அவர்களைக் கூப்பிட்டு, உங்கள் பில் எத்தனை நாளில் பாஸானது என்று கேட்கக்கூடும். அதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதில் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். நிலுவை ஏதாவது இருந்தால், விண்ணப்பம் போகும் முன் அதைத் தீர்த்துக் கொடுத்துவிடுங்கள்.